பெயின்ட் கடைசியில்: பழைய பில்லர் டிரில்லைச் சீர்செய்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆலையில் பல ஆண்டுகள் உழைத்த பில்லர் டிரில் (தூணில் பொருத்திய துளையிடும் மெஷின்) ஒன்று வீட்டுப் பட்டறைக்கு வந்து சேர்ந்ததும், பலருடைய கை உப்புத்தாளையும் பெயின்ட் பிரஷையும்தான் தேடுகிறது. அந்த மெஷினின் தரமோ, துளைப்பானைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது. துருவைப் போக்கலாம். உடைந்த கைப்பிடியையும் எரிந்த மோட்டாரையும் மாற்றலாம். ஆனால் ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் குவில் என்கிற உருளையும், அது ஓடுகிற வார்ப்பிரும்புத் துளையும் தேய்ந்திருந்தால், வீட்டில் வைத்துச் சரிசெய்வது மிகவும் கடினம்.

அதனால் வாங்கும் முன்பே பாருங்கள். குவிலை முழுவதும் கீழே இறக்கி, துளைப்பானைக் கவ்வும் ‘சக்’கைப் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையைக் குவிலின் மேல் வைத்து மறுபடி ஆட்டுங்கள். குவிலே அசைந்தால் தேய்ந்தது குவிலோ துளையோ. குவில் அசையாமல் ஸ்பிண்டில் மட்டும் அசைந்தால் பேரிங் போயிருக்கிறது. அது நல்ல செய்தி, மாற்றிவிடலாம். சில மெஷின்களில் தலைப்பகுதி பிளவுபட்டு, இறுக்க ஒரு போல்ட்டும் இருக்கும். அவற்றில் கொஞ்சம் தேய்மானத்தை அந்த போல்ட்டே ஈடுகட்டும்.

அடுத்தது துளைப்பான் தள்ளாடும் பிரச்சினை. பெரும்பாலும் பழி ஸ்பிண்டில் மேல் விழும், குற்றவாளி சக்காக இருக்கும். குவிலின் பக்கவாட்டுத் துவாரத்தில் ஆப்பைச் செருகித் தட்டி, சக்கை, அதைத் தாங்கும் ஆர்பர் என்கிற தண்டுடன் கழற்றுங்கள். ஸ்பிண்டிலின் உட்புறத்தில் இருக்கும் மோர்ஸ் டேப்பர் என்கிற கூம்புத் துளையைத் துணியால் துடைத்து, டயல் கேஜை அதற்குள் வைத்து, கையால் ஸ்பிண்டிலைச் சுற்றிப் பாருங்கள். 0.02 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஸ்பிண்டில் நலம். பிறகு ஆர்பரில், பிறகு சக்கில் பிடித்த நேரான கம்பியில் என்று ஒவ்வொரு கட்டமாக அளந்தால், எந்த இடத்தில் எண் எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு. ஆர்பர் எப்போதோ வழுக்கிச் சுழன்றிருந்தால் டேப்பருக்குள் பிசிறு எழும்பியிருக்கும். அந்தப் பிசிறை மட்டும், மோர்ஸ் ரீமர் என்கிற துளை சீவும் கருவியைக் கையால் சுற்றி எடுங்கள். புது சக்கை ஆர்பரில் ஏற்றும்போது இரண்டு டேப்பரிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. சக்கின் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியால் ஒரு தட்டு போதும்.

பிரித்து மேயும்போது கையைக் கிழிக்கக் காத்திருப்பது, குவிலை மேலே இழுக்கும் சுருள்வில். கடிகார ஸ்பிரிங் போல ஒரு கிண்ணத்துக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, டேபிளை உயர்த்திக் குவிலுக்குக் கீழே மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். ஸ்பிரிங் விட்டதும் குவில் தானாக விழும். கிண்ணத்தின் நிலையை அடையாளம் செய்துகொண்டு, தோல் கையுறையோடு அதை அழுத்திப் பிடித்து, நட்டைச் சிறிது தளர்த்தி, ஒவ்வொரு பள்ளமாக விட்டுக்கொடுங்கள். அதன் பிறகுதான் ஆழ நிறுத்தியையும், கைப்பிடித் தண்டோடு சேர்ந்த பினியன் என்கிற பல்சக்கரத்தையும் உருவ வேண்டும்.

பேரிங் எண் அதன் விளிம்பில் பொறித்திருக்கும். அதே எண்ணில் வாங்குங்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தள்ளுங்கள். வெளிவளையத்தை அடித்தால் விசை குண்டுகள் வழியாகப் போய், புதுப் பேரிங்கிலேயே தழும்பு விழும். சூடாக்கி ஏற்றுவதானால், மூடிய பேரிங்குக்கு 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸும் சீலும் கெடும். மாட்டி முடித்து நடுத்தர வேகத்தில் 20 நிமிடம் ஓட்டி, நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கும் நட் அதிகமாக ஏறியிருக்கலாம்.

துருவுக்கு மின்பகுப்பு நல்ல வழி. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர். துருப்பிடித்த பாகம் எதிர்முனை, நேர்முனையில் சாதாரண இரும்புத் தகடு. அங்கே எவர்சில்வர் போட்டால் நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிங்கையும் கடினமாக்கிய தண்டுகளையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை பெறும். டேபிளில் யாரோ விட்டுப்போன துளைகளை இரும்புத்தூள் கலந்த எபாக்சியால் அடைக்கலாம். வெல்டிங் வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும் அபாயம் உண்டு.

மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால், வீட்டின் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓட்ட வி.எஃப்.டி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. மோட்டார் தகட்டில் 230/400 வோல்ட் என்றிருந்தால், ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட் கருவிக்கு, மோட்டாரின் சுருள்களை டெல்டா (முக்கோண) இணைப்புக்கு மாற்ற வேண்டும். பழைய ஸ்விட்சை மோட்டாருக்கும் கருவிக்கும் நடுவே விடாதீர்கள், ஓடும்போது அணைத்தால் கருவி பழுதாகலாம். கருவியின் கட்டுப்பாட்டு முனைகளில் இணையுங்கள். இது வந்துவிட்டது என்று புல்லிகளை மறந்துவிடவும் கூடாது. மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் திறனும் பாதியாகிறது, அதன் விசிறியும் மெதுவாகிச் சூடேறும். புல்லியில் வேகம் குறைத்தால் முறுக்கு விசை கூடும். சாதாரண இரும்பில் ஹைஸ்பீடு ஸ்டீல் துளைப்பானுக்கு, 8000-ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். 10 மில்லிமீட்டருக்கு 800, 25 மில்லிமீட்டருக்கு 320. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அடியில் தட்டுகிறது என்று அர்த்தம். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது வழுக்கும்.

கடைசியாக டேபிளின் நேர்மை. வளைத்த கம்பியைச் சக்கில் பிடித்து, அதன் நுனியில் டயல் கேஜை மாட்டி, கையால் ஒரு வட்டம் சுற்றுங்கள். 200 மில்லிமீட்டர் வட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் வீட்டு வேலைக்குத் தாராளம். இடவலம் டேபிளைச் சாய்த்துத் திருத்தலாம். முன்பின் வித்தியாசத்துக்கு, போல்ட் பூட்டும் இடத்தில் மெல்லிய தகடு செருக வேண்டியிருக்கும்.

மெஷினின் கனமெல்லாம் உச்சியில் இருப்பதால், அடித்தட்டைத் தரையோடு போல்ட் போட்டுப் பிணைத்த பிறகே ஓட்டுங்கள். இனி பெயின்ட் அடிக்கலாம். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள். தூணுக்கும் டேபிளின் மேல்பரப்புக்கும் பெயின்ட் வேண்டாம், மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதும்.

வணக்கம்.