வேப் பேட்டரி: உள்ளேயே இருக்கிறதா, கழற்றி மாத்துறதா?

[திரையில்: மேசை மேல ரெண்டு வேப் (இ-சிகரெட்) கருவி. ஒண்ணு விரல் நீளத்துக்கு ஒரு பாட், அதாவது சின்ன வேப். இன்னொண்ணு உள்ளங்கை நிறையற பாக்ஸ் மாட், அதாவது பெட்டி வடிவ வேப். அதோட கதவு திறந்து ரெண்டு செல் (தனித்தனி பேட்டரி) தெரியுது.]

இடது பக்கம் இருக்கிறதைத் திறக்க முடியாது. அடியில ஒரு யூஎஸ்பி-சி துளை, அவ்வளவுதான். வலது பக்கம் இருக்கிறதுல காந்தக் கதவை விரலால தள்ளினா, ரெண்டு செல்லும் கையில வந்துடும். எதை வாங்கலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்களையே ஒண்ணு கேட்டுக்கணும்: பேட்டரியைப் பாத்துக்கிற வேலையை நீங்க செய்யப் போறீங்களா, உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டுகிட்ட விட்டுடப் போறீங்களா?

முதல்ல சட்டம். இந்தியாவுல 2019ல வந்த சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை. முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்லேன்னா 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரியிலிருந்து கையில வச்சிருந்தாலே குற்றம். அதனால இந்த வீடியோ பிரிட்டன் மாதிரி சட்டம் அனுமதிக்கிற நாடுகள்ல, சிகரெட்டை விடுறதுக்காக இதுக்கு மாறின பெரியவங்களுக்கு மட்டும்தான். லீவுக்கு ஊருக்கு வர்றப்ப இதைப் பையில போட்டுட்டு வராதீங்க. சிகரெட் பழக்கமே இல்லாதவங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம். நிக்கோட்டின் பிடிச்சா விடாது.

[திரையில்: பாட் கருவியின் குறுக்குவெட்டுப் படம். பேட்டரி, போர்டு, சார்ஜிங் துளை.]

உள்ளேயே பேட்டரி இருக்கிற பாட் கருவிகள் பெரும்பாலும் 12லிருந்து 25 வாட்டுக்குள்ள வேலை செய்யும். பேட்டரி 500லிருந்து 1500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியோட கொள்ளளவு) வரைக்கும் இருக்கும். இது எவ்வளவு நேரம் வரும்? 1000 எம்.ஏ.எச்.சை 3.7 வோல்ட்டால பெருக்கினா 3.7 வாட்-மணி. அதுல ஏறக்குறைய 15 சதவீதம் வழியில வீணாகுதுன்னு வச்சுக்கிட்டா, 15 வாட்ல மொத்தம் 750 விநாடி ஓடும். ஒரு இழுப்புக்கு 3 விநாடின்னா 250 இழுப்பு. நிறைய பேருக்கு இது ஒரு நாளைக்குத் தாராளம். வீட்ல இரவு, ஆபீஸ்ல மதியம்னு சார்ஜ் போட வசதி இருக்கிறவங்களுக்கு வேற எதுவும் தேவையில்லை.

உள்ள இருக்கிற போர்டு செய்யற வேலை சின்னதில்லை. 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜை நிறுத்தும். செல் ரொம்ப வடிஞ்சு போறதுக்கு முன்னாடி கருவியை அணைக்கும். காயில், அதாவது ஜூஸைச் சூடாக்கற கம்பி, ஷார்ட் ஆனா மின்சாரத்தை வெட்டும். இதெல்லாம் நீங்க கவனிக்காமலே நடக்கும்.

கோளாறு வர்ற இடங்கள் மூணு. முதலாவது சார்ஜிங் துளை. கருவி மேல மாட்டுற கூட்டையும் பாட்னுதான் சொல்வாங்க; அதுல இருந்து கசியற ஜூஸ் (நிக்கோட்டின் திரவம்) கீழ இறங்கி அங்கதான் சேரும். நிமிர்த்தி வச்சு சார்ஜ் போட்டா இது சீக்கிரம் நடக்கும். அதனால படுக்க வச்சு, அந்தக் கூட்டைக் கழற்றிட்டு சார்ஜ் போடுங்க. துளையை வாரம் ஒரு தடவை காய்ஞ்ச பஞ்சுக் குச்சியால துடைச்சா போதும்.

ரெண்டாவது கேபிள். ரெண்டு முனையிலும் யூஎஸ்பி-சி இருக்கிற கேபிள்ல மாட்டினா சில கருவி சார்ஜே ஏறாது. கருவி செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறவங்க உண்டு. உண்மையில நடக்கிறது இதுதான்: கருவிக்குள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்காம விட்டிருப்பாங்க. அது இல்லேன்னா எதிர்ல மாட்டினது என்னன்னு சார்ஜருக்குத் தெரியாது, மின்சாரமே அனுப்பாது. பழைய தட்டை முனை இருக்கிற கேபிளோட, சாதாரண 5 வோல்ட் சார்ஜர்ல போட்டுப் பாருங்க, ஏறும்.

மூணாவது வயசு. லித்தியம் பேட்டரி 300லிருந்து 500 முழு சார்ஜுக்குள்ள தன்னோட கொள்ளளவுல ஐந்துல ஒரு பங்கை இழந்துடும். தினமும் சார்ஜ் போட்டா ஒண்ணு, ஒன்றரை வருஷம். அப்புறம் மதியமே விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். பேட்டரியை நிக்கல் பட்டையில ஒட்டி சால்டர் வச்சிருக்கிறதால மாத்த வழியில்லை. மீதியெல்லாம் நல்லா இருந்தாலும் மொத்தக் கருவியையும் விட வேண்டியதுதான். இதை நினைச்சா வருத்தமாதான் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தோட பேட்டரி விதிமுறைப்படி, 2027 பிப்ரவரி 18லிருந்து கையடக்கக் கருவிகளோட பேட்டரியை, சில விலக்குகள் போக, வாங்கினவரே கழற்றி மாத்த முடியணும். பிரிட்டன்ல ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற வேப் விற்பனைக்கு 2025 ஜூன் 1லிருந்து தடை.

கருவியோட விளிம்பு பிரிஞ்சு, பக்கச் சுவர் உப்பியிருந்தா உள்ள பேட்டரி வீங்கியிருக்குன்னு அர்த்தம். அழுத்திப் பார்க்காதீங்க, சார்ஜ் போடாதீங்க.

[திரையில்: ஒரு செல் நெருக்கத்தில். பக்கத்தில் அளவுகோல், 65 மில்லிமீட்டர்.]

இப்ப கழற்றி மாத்துற செல். 18650ங்கிற பேர்லயே அளவு இருக்கு: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. 21700ன்னா 21க்கு 70. இந்தச் செல்லுக்குள்ள பாதுகாப்பு போர்டு எதுவும் கிடையாது. சாம்சங், எல்ஜி, முராட்டா மாதிரி செல் செய்யற கம்பெனிகளே, தனிச் செல்லா நுகர்வோர் வாங்கிப் பயன்படுத்துறதுக்கு இதைத் தயாரிக்கலைன்னு எச்சரிக்கிறாங்க. கடையில விக்கிறாங்கதான், ஆனா அந்த எச்சரிக்கையோட தான் இதைக் கையில எடுக்கணும்.

வாங்கறப்ப எல்லாரும் எம்.ஏ.எச்.சைத்தான் பார்க்கிறாங்க. பார்க்க வேண்டியது ஆம்பியர், அதாவது செல் ஒரே நேரத்துல எவ்வளவு மின்சாரம் தர முடியும்ங்கிறது. கணக்கு சுலபம். நீங்க ஓட்டப்போற வாட்டை, ஒரு கருவியில ரெண்டு செல்லுன்னா ரெண்டால வகுங்க. அதை 3.2 வோல்ட்டால வகுங்க, ஏன்னா சார்ஜ் குறைஞ்ச நேரத்துலதான் செல் அதிக மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் 0.9ஆல வகுங்க, அது போர்டுல வீணாகிற பங்கு. 80 வாட், ரெண்டு செல்: ஒரு செல்லுக்கு 40 வாட், கிட்டத்தட்ட 14 ஆம்பியர். அதே 80 வாட்டை ஒரே செல்லுல எடுத்தா 28 ஆம்பியர்.

[திரையில்: மூன்று செல்களின் எண்கள்.]

சாம்சங் 25ஆர் செல் 2500 எம்.ஏ.எச்., தொடர்ந்து 20 ஆம்பியர். சாம்சங் 30க்யூ 3000 எம்.ஏ.எச்., ஆனா 15 ஆம்பியர்தான். மாலிசெல் பி42ஏ 21700 அளவு, 4200 எம்.ஏ.எச்., 30 ஆம்பியர் பக்கம் வச்சுக்கலாம். மேல சொன்ன 14 ஆம்பியருக்கு 25ஆர் நிம்மதியா ஓடும். 30க்யூ ஓடும், ஆனா விளிம்புல நிக்கும். ஒரே அளவு செல்லுல கொள்ளளவு கூடினா ஆம்பியர் குறையறது சகஜம். 18650 அளவுல 3600 எம்.ஏ.எச்.சுக்கு மேல இருக்கிறதா லேபிள் சொன்னா சந்தேகப்படுங்க. 9900னு அச்சடிச்சு விக்கிறது அத்தனையும் போலி. எடை போட்டுப் பாருங்க: நல்ல 18650 ஏறக்குறைய 45லிருந்து 48 கிராம் இருக்கும். 35 கிராம்னா உள்ள சரக்கு குறைவு.

[திரையில்: செல்லின் பாசிட்டிவ் முனை, பூதக்கண்ணாடியில். மேலுறை ஓரத்தில் ஒரு கிழிசல்.]

இங்க கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. நடுவுல இருக்கிற மேடு பாசிட்டிவ். அதைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம். வளையத்துக்கு அடியில, மடிஞ்சு வந்திருக்கிற உலோக விளிம்பு நெகட்டிவ். ஆமாம், அடிப்பகுதி மட்டும் நெகட்டிவ்னு நினைக்கிறது தப்பு, செல்லோட உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு இந்த வளையமும், மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை ஓரத்துல ஒரு கீறல் விழுந்து, கருவியோட உலோகத்துல பட்டா நேரடி ஷார்ட். செல் உள்ள சூடாகி வாயு கக்கும், தீப்பிடிக்கும்.

கீறல் எங்கிருந்து வருதுன்னா, பெரும்பாலும் செல்லை நகத்தால நெம்பி எடுக்கிறதுல. கருவிக்குள்ள ஒரு ரிப்பன் இருக்கும். அதைச் செல்லுக்கு அடியில விட்டு, அதைப் பிடிச்சு இழுங்க.

உறை கிழிஞ்சா புதுசு போட முடியும். 18650க்கான சூட்டில் சுருங்கற பிவிசி குழாய், தட்டையா அளந்தா 29லிருந்து 30 மில்லிமீட்டர் அகலம், நீளம் 72 பக்கம். பழைய உறையை அடிப்பக்கத்துல இருந்து பிளாஸ்டிக் அட்டையால கிழிங்க, கத்தி வேண்டாம். பழைய வளையம் கசங்கியிருந்தா புதுசு வைங்க. குழாயைச் சொருகி, ரெண்டு முனையிலும் ஒரே அளவு வெளிய விட்டு, தலைமுடி உலர்த்தற டிரையரால முதல்ல மேல்முனை, அப்புறம் அடிமுனை, கடைசியா உடம்பு. செல் சூடாகிற அளவுக்கு ஒரே இடத்துல காட்டாதீங்க. உலோகத்துலயே நசுங்கல், துரு, கசிவு தெரிஞ்சா உறை மாத்துறது வீண், அந்தச் செல் முடிஞ்சது.

ரெண்டு செல் போடுற கருவிக்கு ஒரே மாடல், ஒரே நாள் வாங்கின ஜோடி வேணும். மார்க்கர்ல ஏ, பி-ன்னு எழுதி, எப்பவும் சேர்த்தே சார்ஜ் போட்டு, சேர்த்தே பயன்படுத்தி, ஒவ்வொரு சார்ஜுக்கும் இடத்தை மாத்திப் போடுங்க. பயன்படுத்தி முடிச்சதும் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர்ல ரெண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் காட்டிக்கிட்டே இருந்தா அந்த ஜோடியைப் பயன்படுத்தறதை நிறுத்திடுங்க. முழு சார்ஜ் போட்ட செல்லை ராத்திரி முழுக்க சும்மா வச்சு, காலையில 4.1க்குக் கீழ போயிருந்தாலும் அதேதான்.

சார்ஜருக்குத் தனியா காசு ஒதுக்குங்க. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பார்க்கிற சார்ஜர், 1 ஆம்பியர் வேகம். 2500 எம்.ஏ.எச். செல் நிறையறதுக்கு சுமார் 3 மணி நேரம் ஆகும். கண் முன்னாடி இருக்கிறப்ப போடுங்க, தூங்கறப்ப வேண்டாம். குளிர் நாட்டுல கார்லயே கிடந்து உறைஞ்ச செல்லை அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மாட்டணும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா உள்ள லித்தியம் படிஞ்சு செல் நிரந்தரமா கெட்டுப்போகும்.

உதிரிச் செல்லைச் சட்டைப்பையில சாவி, சில்லறையோட போடவே போடாதீங்க. தொடையில தீக்காயம் பட்டவங்கள்ல நிறைய பேரோட கதை அங்கதான் ஆரம்பிக்குது. கொஞ்சம் பணத்துக்கு பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும்.

போர்டே இல்லாத மெக்கானிக்கல் மாட் வகையைப் பத்தி ஒரு வரி: வாங்காதீங்க. 0.2 ஓம் காயிலுக்கு நிறைஞ்ச செல் 21 ஆம்பியர் தரும், எந்தத் தவறையும் தடுக்க அங்க யாரும் இல்லை.

ஆக, நாள் முழுக்க வெளியில அலையறவங்க, 40 வாட்டுக்கு மேல ஓட்டறவங்க, கருவியை மூணு நாலு வருஷம் வச்சிருக்க நினைக்கிறவங்க, மேல சொன்ன வேலையெல்லாம் சலிக்காம செய்வேன்னா மாத்துற செல் வாங்குங்க. சலிப்பு வரும்னு தோணினா பாட் போதும், அதுல குறைவு ஒண்ணுமில்லை. 

[திரையில்: டேப் ஒட்டிய செல், பேட்டரி சேகரிப்புப் பெட்டிக்குள் போகிறது.]

விமானத்துல ரெண்டு வகையும் கைப்பையிலதான், செக்-இன் பெட்டியில போடக் கூடாது. மாத்துற செல்லைக் கழற்றிப் பெட்டிக்குள்ள வைங்க. வாழ்நாள் முடிஞ்ச செல்லோட ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கிற பெட்டியில சேருங்க. பிரிட்டன்ல பழைய கருவியை வேப் விக்கிற கடையிலேயே கொடுக்கலாம். வீட்டுக் குப்பையில போனா, குப்பை வண்டி அதை நசுக்கறப்பவே தீப்பிடிக்கலாம்.