கையெழுத்துப் போடுபவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு கட்டமைப்புப் பொறியாளன். சிங்கப்பூரில் பொறியாளர்களைக் கண்காணிக்கும் நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சட்டப் பிரிவுகளை வாசித்தால் நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். அதனால் சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்குகிறேன்.

பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஓவன் சாலைச் சந்திப்பில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வங்கி, மேலே நியூ வோர்ல்ட் ஹோட்டல். 1986 மார்ச் 15 சனிக்கிழமை, முற்பகல் பதினொன்றரைக்குச் சற்று முன், ஒரு நிமிடத்துக்குள் அது தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அப்போது எம்ஆர்டி ரயிலின் சுரங்கப் பணிக்காக வந்திருந்த அயல்நாட்டு நிபுணர்கள் இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்து உதவினார்கள்.

வெடிகுண்டா, எரிவாயுவா, எம்ஆர்டி தோண்டியதாலா என்றெல்லாம் ஊரே பேசியது. விசாரணையில் எதுவும் நிற்கவில்லை. கோளாறு கணக்கில் இருந்தது. ஆட்கள், பொருள்களின் சுமையைக் கணக்கிட்டவர் கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. முதலாண்டு மாணவன்கூட முதலில் எழுதும் எண் அது! வடிவமைத்தவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்லர், வரைபடம் வரைந்து தரும் வரைவாளர். அதன்மேல் வங்கியின் பெட்டக அறை, கூரையில் குளிர்சாதன இயந்திரங்கள், வெளிச்சுவரில் பீங்கான் ஓடுகள் என்று சுமை ஏறிக்கொண்டே போனது. அது பதினைந்து ஆண்டுகள் தாங்கியதுதான் எனக்கு வியப்பு.

அந்தக் கட்டடம் முடிந்தது 1971இல். நிபுணத்துவப் பொறியாளர் வாரியம் அமைந்ததும் அதே ஆண்டுதான். வாரியம் கட்டடங்களைச் சோதிப்பதில்லை. அது வேறு ஆணையத்தின் வேலை. வாரியம் பார்ப்பது ஆட்களை. பட்டம், தேர்வுகள், பல ஆண்டுப் பணி அனுபவம், நேர்காணல் இவ்வளவும் தாண்டினால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும். தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கண்டனம், அபராதம், இடைநீக்கம். முற்றினால் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

இதில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று. வரைபடத்தில் நிறுவனம் ஒளிந்துகொள்ள முடியாது; கையெழுத்து ஓர் ஆளுடையது. அந்த ஒரு கையெழுத்தும் போதாது என்று 1986 கற்பித்தது. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பெரிய கட்டடங்களின் கணக்கைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் பரிசோதிக்க வேண்டும். செலவு என்று சலித்துக்கொள்ளும் உரிமையாளர்கள் உண்டு. அவர்களோடு வாதாடுவது என் தொழிலின் பாதி.

விதிகள் இருந்தும் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நால்வர் இறந்தார்கள். எம்ஆர்டி வட்டப் பாதைக்காகத் தோண்டிய பள்ளத்தைத் தாங்கிய தற்காலிக முட்டுகளின் இணைப்புகள் பலமற்றிருந்தன. தற்காலிகம்தானே என்ற அலட்சியத்துக்கு அதன் பிறகுதான் கடிவாளம் விழுந்தது. மண்ணின் தாங்கும் திறனைக் கணக்கிடும் மண்ணியல் பொறியாளர்களுக்குத் தனிச் சிறப்புப் பதிவும் வந்தது.

வாரியத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். வீட்டைப் புதுப்பிக்கும்போது, “இந்தச் சுவரை எடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது” என்று ஒப்பந்ததாரர் சொன்னால், எந்தப் பொறியாளர் அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பெயர் வந்தால் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் வரவில்லையென்றால் சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.