மாத்திரை போட்டுப் படிக்கும் இரவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவராக என்னிடம் வரும் இளைஞர்களில் சிலர் பேச்சோடு பேச்சாகக் கேட்பதுண்டு: "டாக்டர், கவனம் வர்றதுக்கு ஒரு மாத்திரை இருக்காமே, தேர்வு முடியிற வரைக்கும் மட்டும் எழுதிக் கொடுங்களேன்." போதைக்காகக் கேட்பவர்கள் அல்ல இவர்கள். நன்றாகப் படிக்கிறவர்கள், பின்தங்கிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்பதை அந்த மாத்திரை தருவதில்லை.

மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் என்பவை தூண்டு மருந்துகள். ரிட்டாலின், அட்டரால் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமைனும் நார்அட்ரினலினும் கூடுதலாகக் கிடைக்கும்படி இவை செய்கின்றன. ஏ.டி.எச்.டி என்னும் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு இவை உண்மையிலேயே பலன் தரும் மருந்துகள். மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிற யாரும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட வேண்டாம்.

அந்தக் குறைபாடு இல்லாதவர் சாப்பிட்டால் என்ன நடக்கிறது? தூக்கம் விலகும், உற்சாகம் வரும், சலிப்பான பாடம்கூடச் சுவையாகத் தெரியும். ஆம்ஃபெட்டமைன் குடும்பத்துக்கு இந்தக் குணம் உண்டு என்பது புதிய செய்தி அல்ல. 1938-இல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமைன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1940-இல் போர்முனையில் வீரர்களை விழித்திருக்க வைக்க அதைக் கொடுத்தார்கள். விழித்திருக்க வைப்பதில் இந்த மருந்துகள் கெட்டிதான். விழித்திருந்து செய்கிற வேலை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. ஆரோக்கியமான 40 பேருக்கு வெவ்வேறு நாட்களில் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் வகையான டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், தூக்கத்தை விரட்டும் மோடஃபினில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எடை வரம்புள்ள ஒரு பையில் எந்தெந்தப் பொருட்களை வைத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மருந்து சாப்பிட்ட நாட்களில் அவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள், பொருட்களைக் கூடுதல் தடவை மாற்றிப் பார்த்தார்கள். உழைப்பு கூடியது, அதன் தரம் குறைந்தது. இதில் இன்னொன்றும் உண்டு. வெற்று மாத்திரை நாளில் சராசரிக்கு மேல் செய்தவர்கள், மெத்தில்ஃபெனிடேட் நாளில் பெரும்பாலும் சராசரிக்குக் கீழே போனார்கள். அதாவது, இயல்பிலேயே நன்றாகச் செய்கிறவருக்கு நஷ்டம்.

அப்படியானால் "எனக்கு வேலை செய்யுதே" என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. நன்றாகச் செய்கிறோம் என்ற உணர்வையும் சேர்த்தே மருந்து தருகிறது. அதனால் மருந்து சாப்பிட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பை மட்டும் நம்ப முடியாது. "மாத்திரை போட்டதும் கவனம் வந்தது, அப்போ எனக்கு ஏ.டி.எச்.டி இருக்கு" என்பதும் தவறான கணக்கு. யார் சாப்பிட்டாலும் அந்தக் கூர்மை ஓரளவு வரும்.

அப்புறம் தூக்கம். பகலில் படித்தது நினைவில் உறைவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். மாத்திரை போட்டு இரவு முழுக்க விழித்தால், அந்த வேலைக்குத்தான் நேரம் இல்லாமல் போகிறது. மறுநாள் சோர்வு, அதைப் போக்க இன்னொரு மாத்திரை. தேர்வுக்கு மட்டும் என்று தொடங்கியது இப்படித்தான் வழக்கமாகிறது.

உடலுக்கும் விலை உண்டு. பசி போகும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், பதற்றம் கூடும். சிலருக்கு இல்லாத குரல் கேட்பது, எல்லோரையும் சந்தேகிப்பது என்று மனநோய் அறிகுறிகள் வரும். இதயக் கோளாறு இருப்பதே தெரியாமல் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர் சீட்டில்லாமல் இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கேடு: அமெரிக்காவில் அட்டரால் என்று விற்ற போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலிநிவாரணி இருந்திருக்கிறது. மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது அது.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை. நீண்ட நாள், அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு நிறுத்தும்போது கடுமையான அசதியும் மனச்சோர்வும் வரலாம், சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரலாம். அந்த நாட்களைத் தனியாகக் கடக்க வேண்டாம். நெஞ்சுவலியோ படபடப்போ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இனிமேல்தான் கேட்கப்போகிறவர்களும் வாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், கவனம் எப்போதிலிருந்து சிதறுகிறது, மனம் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பேன். சிறுவயதிலிருந்தே ஏ.டி.எச்.டி இருந்து யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், அதற்கு முறையான சிகிச்சை கிடைக்கும்.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.