ஒஹாயோ கரையில் ஒரு கப்பல் பட்டறை

வணக்கம் நேயர்களே. இன்று ஆற்றுக் கப்பல்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் ஜெஃபர்சன்வில் என்று ஒரு ஊர். அங்கே ஹவர்டு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நீராவிக் கப்பல் கட்டியது. முதல் கப்பலை 1834இல் கட்டியபோது ஜேம்ஸ் ஹவர்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1876இல் அதே ஆற்றில் விழுந்துதான் அவர் இறந்தார். அப்புறம் மகன் எட்மண்ட்ஸ் பொறுப்பேற்றார்.

எனக்கு இந்தப் பட்டறையில் பெரிய வியப்பே கப்பலின் அடிப்பாகம்தான். அணைகள் வருவதற்கு முன்பு கோடையில் ஒஹாயோ சில இடங்களில் ஆள் இறங்கி நடந்தே கடக்கலாம் என்கிற அளவுக்கு வற்றிவிடும். அதனால் கப்பல் நீளமாக, தட்டையாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் அப்படிக் கட்டினால் கொதிகலன், இயந்திரம், சக்கரம் எல்லாவற்றின் பாரமும் சேர்ந்து மரத்தை வளைத்துவிடுமே? அதற்கு முன்னிருந்து பின்வரை, தளத்துக்கு மேலே எழும்பி நிற்கும் மரத்தூண்களின் தலைவழியாக இரும்புக் கம்பிகளை ஓட்டி, திருகி இறுக்கி, கப்பலையே தூக்கிப் பிடித்தார்கள். தொய்வு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள், அவ்வளவுதான். எவ்வளவு தெளிவான யோசனை பாருங்கள்!

கட்டி முடித்த கப்பலைப் பக்கவாட்டில் சரித்துத்தான் ஆற்றில் இறக்குவார்கள். 1894இல் இங்கே உருவான 'சிட்டி ஆஃப் லூயிவில்', லூயிவில்லிலிருந்து சின்சினாட்டிக்கு நீரோட்டத்தை எதிர்த்து 9 மணி 42 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலையும் 1899இல் கட்டிய 'சிட்டி ஆஃப் சின்சினாட்டி'யையும் 1918 குளிர்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டி நொறுக்கிப் போட்டதைப் படிக்கும்போது இன்னமும் மனசு கனக்கிறது.

அதற்குள் ரயில் பயணிகளை இழுத்துக்கொண்டது, பின்னால் லாரியும் வந்தது. ஆனாலும் 1923இல் 'கேப் ஜிரார்டோ' என்ற பயணிக் கப்பலை இந்தப் பட்டறை கட்டி இறக்கியது. 1937 வெள்ளம் பட்டறையைப் பலமாக அடித்தது. உலகப் போர் வந்ததும் இடம் கைமாறி, போர்க் கவச வண்டிகளைக் கரையில் இறக்கும் கப்பல்கள் 123 அங்கே உருவாயின. ஜெஃப்போட் என்ற பெயரில் நடந்த அந்தப் பட்டறை 2018இல் மூடப்பட்டது.

எட்மண்ட்ஸ் கட்டிய மாளிகை 1958 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் படிக்கட்டின் மரவேலையை நின்று பாருங்கள். கப்பல் கட்டிய தச்சர்களின் கைவேலைதான் அது.