மோட்டார் வச்ச சைக்கிள்ல பின் ஸ்ப்ராக்கெட் மாட்டப் போறியளா? மொதல்ல கம்பியை எண்ணுங்க

[காட்சி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துச் சாய்ப்பு. சைக்கிள் தலைகீழா நிக்குது. பின் சக்கரம் சுத்துது. ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுற பல் சக்கரம், அப்பளம் மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது.]

இந்த ஆட்டத்தைப் பாத்தியளா மக்களே? இப்படியே விட்டா செயின் கழண்டு விழும். விழுற செயின் தரையில விழுந்தா பரவாயில்லை, சக்கரத்துக்குள்ள விழுந்தா ஆளும் சேந்து விழணும். போன வருஷம் நான் விழுந்தது ஒரு மரச்சீனி (மரவள்ளி) விளையில. மண்ணு இளகுன மண்ணு, தப்பிச்சேன்.

சைக்கிள்ல மாட்டுற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிட்டுல பின் ஸ்ப்ராக்கெட்டை எப்படி மாட்டணும், எப்படி நேர் பாக்கணும்னு இன்னைக்குச் செஞ்சே காட்டுறேன். அதுக்கு முன்னால ஒரு விஷயம். 80 சிசின்னு சொல்லி விக்கிற கிட்டை அளந்தா 66 சிசிதான் வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி நாலு சக்கரத்துக்குக் குறைஞ்ச வண்டியில 25 சிசி வரைக்கும்தான் விலக்கு. அதைத் தாண்டினா அது மோட்டார் வாகனம், பதிவு இல்லாம ரோட்டுல எறக்கக் கூடாது. நான் ஓட்டுறது இந்தத் தோட்டத்து வேலிக்குள்ள மட்டும்.

[காட்சி: மேசை மேல 44 பல் ஸ்ப்ராக்கெட், ரெண்டு ரப்பர் வட்டம், மூணு இரும்புப் பட்டை, ஒம்பது போல்ட்டு.]

பைக்குல ஸ்ப்ராக்கெட் ஹப்புல, அதாவது சக்கரத்தோட நடுக் குடத்துல உக்காரும். இதுல அப்படி இல்லை, ஹப்பையும் ரிம்மையும் இணைக்கிற போக்ஸ் கம்பியில தொங்குது. கம்பிக்கு வெளிப்பக்கம் ஒரு ரப்பர், உள்பக்கம் ஒரு ரப்பர். உள் ரப்பருக்குப் பின்னால இந்த மூணு பட்டை. எல்லாத்தையும் சேத்து ஒம்பது போல்ட்டு இறுக்கிப் பிடிக்குது. இன்ஜினோட மொத்த இழுப்பும் கம்பி வழியாத்தான் சக்கரத்துக்குப் போகுது. அதனால கம்பி சரியில்லைன்னா மத்தது எது சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"மாமா, நம்ம தாத்தா சைக்கிள் சும்மாத்தானே கெடக்கு, அதுல மாட்டுனா என்ன?"ன்னு மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. எத்தனை கம்பின்னு எண்ணிட்டு வாலேன்னு அனுப்பினேன்.

[காட்சி: 28 இஞ்ச் பழைய சைக்கிளோட பின் சக்கரம். பையன் சாக்பீஸால ஒவ்வொரு கம்பியா அடையாளம் போட்டு எண்ணுறான்.]

நாப்பது. நம்ம ஊர்ல வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும் சுமந்த அந்த 28 இஞ்ச் சைக்கிளுக்கு முன்னால 32, பின்னால 40 கம்பி. கிட்டு போட்டவன் 36 கம்பியை மனசுல வச்சுப் போட்டிருக்கான். 36ன்னா ஒரு பக்கத்துக்கு 18, ஒம்பது போல்ட்டுக்கு ரெண்டு ரெண்டா சரியா விழும். 40ன்னா ஒரு பக்கத்துக்கு 20. இருபதை ஒம்பதால வகுத்துப் பாருங்க. எங்கயாவது ஒரு போல்ட்டு நேரா கம்பி மேலதான் போய் முட்டும். அதை வளைச்சு வழி பண்ணுறவங்களும் உண்டு. அந்த வளைவுலதான் கம்பி மொதல்ல அறும்.

40 கம்பிக்காரங்களுக்கு ரெண்டு வழி. ஹப்பையே கவ்விப் பிடிக்கிற ரெண்டு துண்டு அடாப்டர் கிடைக்குது, ஹப்போட விட்டத்தை வெர்னியர் அளவுகோல்ல அளந்துட்டு வாங்குங்க. இல்லைன்னா 36 கம்பி போட்ட 26 இஞ்ச் சக்கரம் உள்ள சைக்கிளுக்கு மாறிடுங்க. நான் மாறிட்டேன்.

இனி மாட்டலாம். மொதல் வேலை கோட்டம் எடுக்கிறது, அதாவது கம்பியை முறுக்கிச் சக்கரத்தோட வளைவை நேராக்குறது. ஸ்ப்ராக்கெட்டை மாட்டிட்டு அப்புறமா கோட்டம் எடுத்தா, கம்பியோட சேந்து ஸ்ப்ராக்கெட்டும் நகந்து நீங்க பாத்த நேர் எல்லாம் வீணாப் போகும். ஒவ்வொரு கம்பியையும் விரலால தட்டிப் பாருங்க. ஒரே மாதிரி சத்தம் வரணும். தொளதொளன்னு ஒண்ணு இருந்தாலும் சைக்கிள் கடையில குடுத்து இறுக்கிட்டு வாங்க.

உள் ரப்பரை ஒரு இடத்துல கத்தியால கீறுனாத்தான் ஹப்பைச் சுத்தி நுழையும். போல்ட்டோட தலை வெளிப்பக்கம், நட்டு உள்பக்கம். மாத்திப் போட்டா நீட்டிக்கிட்டு இருக்கிற முனை பிரேம்ல உரசும். ஒம்பதையும் கையாலயே முறுக்கி விடுங்க. ஸ்பேனர் இப்போ வேண்டாம்.

[காட்சி: கிட்டத்துல. ஸ்ப்ராக்கெட்டோட நடுத் துளை, அதுக்குள்ள அச்சு.]

இப்போ நடு பாக்கணும். துளையோட விளிம்புக்கும் அச்சுக்கும் இடைவெளியை மேல, கீழ, முன்னால, பின்னால அளங்க. ஒரு பக்கம் ஒரு மில்லி கூடுதலா இருந்தா, எதிர்ப்பக்கம் ஒரு மில்லி குறையும். சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள செயின் ஒரு தடவை விறைக்கும், ஒரு தடவை தொங்கும். மரச் சுத்தியலால லேசாத் தட்டி நடுவுக்குக் கொண்டு வாங்க.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். நெறைய பேர் கண்ணால பாத்து "சரி, போதும்"னு விட்டுடுறாங்க. கண்ணு ஏமாத்தும். ஒடைஞ்ச போக்ஸ் கம்பி ஒண்ணை எடுங்க. பழைய டியூபை நாடா மாதிரி வெட்டி, அந்தக் கம்பியைப் பின்சக்கரத்துப் பிரேம் குழாயில கட்டுங்க. கம்பியோட முனை ஸ்ப்ராக்கெட்டோட வெளி முகத்துக்கு ஒரு மில்லி தள்ளி நிக்கணும். சக்கரத்தை மெதுவாச் சுத்துங்க.

[சத்தம்: டிக்... டிக்... டிக்...]

கேட்டியளா? உரசுற இடத்துல சாக்பீஸ் வைங்க. அந்த இடம் வெளியே தள்ளிக்கிட்டு இருக்கு. அங்க உள்ள ரெண்டு போல்ட்டைக் கால் சுத்து இறுக்குங்க, நேர் எதிர்ல உள்ளதைக் கொஞ்சம் தளத்துங்க. திரும்பச் சுத்துங்க. எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. நடுவுல பையன் ரெண்டு தடவை டீ குடிச்சுட்டு வந்துட்டான்.

ஆட்டம் அரை மில்லிக்குள்ள வந்ததும் ஒண்ணுக்கு எதிர் ஒண்ணாப் பாத்து இறுக்கிட்டு வாங்க, வரிசையா இறுக்கினா திரும்பவும் சாயும். ரப்பர் லேசாப் பிதுங்குனா போதும். வெறி பிடிச்சு இறுக்கினா கம்பி வளையும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. ரப்பர் அமுங்கும், காலையில போல்ட்டு எல்லாம் கொஞ்சம் தளந்திருக்கும். அப்போ இறுக்குறதுதான் கணக்கு.

[காட்சி: நேரான அலுமினியப் பட்டை ஸ்ப்ராக்கெட்டோட முகத்துல சாஞ்சு, இன்ஜினோட 10 பல் ஸ்ப்ராக்கெட் வரைக்கும் நீளுது.]

இனி ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்ல இருக்கான்னு பாக்கணும். பட்டையோட இந்த முனை முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பக்கத்துல எங்க வருதுன்னு பாருங்க. பின் ஸ்ப்ராக்கெட் தட்டையா இருக்காது, கிண்ணம் மாதிரி லேசாக் குழிஞ்சிருக்கும். திருப்பிப் போட்டா சில மில்லி இடம் மாறும். அதுலயே பாதிப் பேருக்குச் சரியாகிடும். மீதியை அச்சுல வாஷர் போட்டோ, இன்ஜின் கிளாம்பைத் தளத்தி நகத்தியோ சரி பண்ணுங்க.

பிரேம் குழாயில மாட்டியிருக்கிற செயின் டென்ஷனரை மட்டும் வளைச்சு நேர் பண்ணாதீங்க. அது செயினோட தொய்வை எடுக்கத்தான். நான் மரச்சீனி விளைக்குப் போனது அப்படித்தான். செயின் சாஞ்சு இழுத்ததுல டென்ஷனர் குழாயைச் சுத்தித் திரும்பிக் கம்பிக்குள்ள போச்சு. சக்கரம் நின்னுச்சு, நான் நிக்கலை. ஆறு கம்பி போச்சு. செயின் எங்க ரொம்ப விறைப்பா இருக்கோ, அந்த இடத்துல மேலயும் கீழயும் சேத்து அரை இஞ்ச் ஆடுனா போதும்.

ரப்பர் வெட்டுற ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லுறேன். இயற்கை ரப்பருக்கும் ஆயிலுக்கும் ஆகாது, ஊறி உப்பிடும். கிட்டுல வர்றது எந்த ரப்பர்னு எழுதியிருக்காது. அதனால ஆயில் கேனைச் செயின் மேல சாய்க்காதீங்க, துணியில தொட்டுத் தடவுங்க. நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்து வேற. ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் தொடைச்சிடுங்க.

[காட்சி: சக்கரம் சுத்துது. கம்பி முனை அப்படியே நிக்குது. சத்தம் இல்லை.]

மொத இருபது கிலோமீட்டர் ஓடுனதும் ஒம்பது போல்ட்டுலயும் திரும்ப ஸ்பேனர் வைங்க. நேத்து நான் வச்சப்போ மூணு திரும்புச்சு. அதனால அந்த உரசுற கம்பியை இன்னும் அவுக்கலை, குழாயிலயே கட்டி வச்சிருக்கேன்.