கழற்ற முடியாத கொசுவலை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஜன்னலோடு சேர்த்து அடித்துவிட்ட கொசுவலையை எப்படிச் சுத்தம் செய்வது என்று இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கழற்றினால் கிழியும், வெளியே நின்று கழுவலாம் என்றால் மாடி வீடு. அதனாலேயே வருஷக்கணக்கில் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

விடக்கூடாது. வழக்கமாகக் கிடைக்கும் வலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண், மறுபக்கம் 16 கண். பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர அங்குலத்தில் 288 கண்கள். இழையைச் சுற்றித் தூசி படியப் படிய அத்தனை கண்களும் சுருங்கும். ஜன்னல் திறந்துதான் இருக்கும், காற்று வராது.

முதன்முதலில் நான் எடுத்த எடுப்பிலேயே தண்ணீரைத் தெளித்துவிட்டேன். தூசி சேறாகிக் கண்களை அடைத்துக்கொண்டது. மிச்சம் சுவரில் கோடு கோடாக வழிந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டது இதுதான்: முதலில் தூசியை உலர்வாகவே எடுக்க வேண்டும்.

ஜன்னல் திண்டில் ஈரத்துணி ஒன்றை விரித்துவிடுங்கள், உதிரும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மூக்கை மறைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மிருதுவான பிரஷால் மேலிருந்து கீழாக ஒரு முறை, அப்புறம் குறுக்காக ஒரு முறை தேயுங்கள். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் ஒரே வாக்கில் தேய்த்தால் மூலைத் தூசி அப்படியே நிற்கும். வேக்யூம் க்ளீனர் இருந்தால் பிரஷ் முனையை மாட்டி உள்பக்கமிருந்தே இழுத்துவிடலாம். இந்த வேலைக்கு நேரம் கொடுங்கள். பாதிச் சுத்தம் இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்துதான் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு போதும். ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியிழை வலை தொய்ந்துவிடும். ஒரு முறை தொய்ந்தால் பழையபடி விறைக்காது. சமையலறை வலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அங்கே சோப்பு நீரைத் தடவி, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு ஒற்றுங்கள். அலுமினிய வலைக்கு ப்ளீச்சும் அமிலமும் ஆகாது, அரித்துவிடும்.

சோப்பு போக வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் புதுத் தூசி வந்து சீக்கிரம் ஒட்டும். துடைத்த பிறகும் வலைக்கண்களில் தண்ணீர் மெல்லிய ஏடு போல நிற்கும். உலர்ந்த துணியை வைத்து ஒற்றினால் அது போய்விடும்.

வெளிப்பக்கம் எட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உடம்பை வெளியே நீட்டாதீர்கள், வலைமேல் சாயாதீர்கள். அது பூச்சியைத்தான் தடுக்கும், ஆளைத் தாங்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

கடைசியாகச் சட்டத்தின் அடியில் பாருங்கள். சில ஜன்னல்களில் மழைநீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். தூசி அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.