மலையகத்தில் ஈரநிலம் எங்கே இருக்கிறது? ஓர் ஆசிரியையின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்று என்னை மிகவும் மகிழ்வித்தது. மற்றக் கேள்விகளை அடுத்த காணொளிக்கு ஒத்திவைத்துவிட்டு இன்று இந்த ஒன்றுக்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை இவ்வாறு எழுதியிருக்கிறார்: "ஐயா, கல்விச் சுற்றுலா என்றால் ஒவ்வோர் ஆண்டும் கொழும்புக்கோ திருகோணமலைக்கோதான் போகிறோம். இம்முறை மலையகத்துக்குள்ளேயே சுற்றலாம் என்று நினைக்கிறோம். வரலாற்றுப் பூங்கா, பண்பாட்டு நிலையம், ஈரநிலக் காப்பகம் ஆகிய மூன்றையும் தரம் 8 பிள்ளைகளுக்கு இரண்டு நாள்களில் காட்ட முடியுமா? ஈரநிலம் என்று நம் பகுதியில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது, டீச்சர். உங்கள் ஐயம் நியாயமானதுதான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ள இலங்கையின் ஈரநிலங்களான புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து ஆகிய எல்லாமே தாழ்நிலத்தில் இருப்பவை. பாடப்புத்தகத்தில் ஈரநிலம் என்றவுடன் கண்டற்காடும் களப்பும் படமாக வருவதால், மலையில் அப்படி ஒன்று இருக்க முடியாது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் அன்றாடம் முகம் கழுவும் பீலியை, அதாவது ஊற்று நீர் குழாய் வழியாக விழும் இடத்தை, நினைத்துப் பாருங்கள். பீலிக்கு மேலே, தேயிலை நட முடியாமல் விடப்பட்ட ஒரு சதுப்பான பள்ளம் பெரும்பாலும் இருக்கும். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், கடும் வெயில் காலத்திலும் அங்கே புல் பச்சையாகவே நிற்கும். நான் வளர்ந்த தோட்டத்தில் அந்தப் பள்ளத்துக்குள் மாட்டை இறக்கினால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள், ஏனென்றால் மேலே கலங்கினால் கீழே பீலி கலங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் ஈரநிலம்தான். உங்கள் சுற்றுலாவை அங்கிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

அடுத்ததாகப் போக வேண்டியது ஹோட்டன் சமவெளி. 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சிவனொளிபாத மலைக் காட்டுடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றப்பட்ட இடம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; காலை பத்து மணிக்குள் பனிமூட்டம் வந்து மூடிவிடும் என்பதால், விடியும் முன்னரே புறப்பட்டுப் பட்டிப்பொல வாசலுக்குப் போய்விடுங்கள். ஆனால் அந்தப் பாதையில் நடக்கும்போது, பிள்ளைகளைச் சிறிது நேரம் நிறுத்தி, பாதையோரத்துப் பள்ளங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் நிற்கும் புல் வேறு, பள்ளத்தில் நிற்பது வேறு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பள்ளத்தில் குட்டை மூங்கில் அடர்ந்திருக்கும். அதன் காலடியில் சதுப்புப் பாசி பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை இல்லாத நாள்களில் துளித்துளியாக வெளியே விடும். சுற்றிலும் உள்ள முகில் காட்டு மரங்களின் இலைகளிலும் கிளைப்பாசிகளிலும் மூடுபனி ஒட்டிச் சொட்டி, மழை பெய்யாத நாளிலும் மண்ணுக்கு நீர் சேர்க்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பேராறுகளுக்கும் தலைநீர் கொடுக்கின்றன.

இந்த இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. பொகவந்தலாவை, நோர்வூட் வழியாக ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பும் கெசல்கமுவ ஓயா இந்த மேட்டுநிலத்தின் நீரைத்தான் கொண்டுவருகிறது. பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீராகிறது. கொழும்பைப் பார்க்கப் போவதற்குப் பதிலாகக் கொழும்பு குடிக்கும் தண்ணீர் பிறக்கும் இடத்தை, அந்த ஆற்றங்கரையிலேயே படிக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, உங்கள் பாடசாலை எடுத்த முடிவு எவ்வளவு சரியானது என்று எனக்குப் படுகிறது. வாசலில் பொலித்தீன் பைகளைச் சோதித்து வாங்கிக்கொள்வார்கள், ஆகையால் சோற்றுப் பொதிகளை வாழை இலையில் கட்டிக் கொண்டுபோவது நல்லது. மரைகள் (கடமான்கள்) அருகில் வரும். உணவு கொடுக்க விடாதீர்கள்.

இனி, என் காணொளிகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நன்கு பழகிப்போன ஒரு கேள்வியை மீண்டும் சொல்கிறேன். மலையகத்தில் எந்த ஏரியின் கரையில் நின்றாலும், "இந்தத் தண்ணீருக்கு முன் இங்கே என்ன இருந்தது?" என்று கேளுங்கள். வரலாறு, பண்பாடு, ஈரநிலம் என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்டீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். நுவரெலியாவில் இருக்கும் கிரகரி வாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். படகும் குதிரையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் அந்த வாவி அமைக்கப்படுவதற்கு முன் அது சதுப்பு நிலம். சற்றுத் தள்ளி இருக்கும் விக்டோரியா பூங்கா 1897இல் மகாராணியின் வைர விழாவையொட்டி அந்தப் பெயரைப் பெற்றது. பூப்பாத்திகளை விட அதன் ஓரத்தில் ஓடும் கானும் (வடிகாலும்) அதை ஒட்டிய ஈரமான புதரும் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கேதான் இரை தேடும். பறவை பார்க்க உலகெங்கிருந்தும் வருகிறவர்கள் அந்தக் கான் ஓரத்தில் மணிக்கணக்காகப் பொறுமையுடன் நிற்பதைப் பார்க்கலாம்.

கண்டி வாவிக்கும் அதே கேள்விதான். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அணை கட்டுவதற்கு முன் அது வயல். எட்டே ஆண்டுகளில், 1815இல், அவனுடைய அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நாயக்கர் வழிவந்த அந்த அரசன் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அவன் மூதாதையர் வந்த அதே தென்னிந்தியாவிலிருந்து, 1820களில் தொடங்கி நம்முடைய முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். வாவிக்கரையில் நின்று இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மவுசாகலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. 1969இல் அந்த நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கடியில் போயிற்று. வறட்சியில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது கோயிலின் இடிபாடுகளும், விகாரையும் பள்ளிவாசலும் நின்ற இடங்களும் மீண்டும் தெரியும். வெடித்த சேற்றின் மேல் நடந்து போய்ப் பழைய கோயிலின் கற்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மிக அருகிலேயே இருப்பதால் இதை இரண்டு நாள் திட்டத்துக்குள் திணிக்காமல், நீர் இறங்கும் காலத்தில் தனியாக ஒரு நாள் போங்கள். கரையில் நின்று பார்த்தால் போதும். பிள்ளைகளைச் சேற்றில் இறங்க விட வேண்டாம்.

பண்பாட்டு நிலையம் என்று கேட்டீர்கள். இரண்டாம் நாள் காலையில் கண்டிக்குப் போய், வாவியைப் பார்த்துவிட்டு ஹந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை 2001இல் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உருட்டும் இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிய பொருள்களும் சிறப்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டியவர் யார், கான் வெட்டியவர் யார், கொழுந்து பறித்தவர் யார் என்று உங்கள் பிள்ளைகளில் ஒருத்தியாவது கேட்பாள். அதற்கு விடை ஹந்தானையில் கிடைப்பதை விடக் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் அதிகம் கிடைக்கும். 2007இல் தொடங்கிய அந்த இடத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து அறைகளே காட்சிக்கூடம். புழங்கிய பாத்திரங்கள், வேலைக் கருவிகள், இசைக்கருவிகள், பழைய ஆவணங்கள் என்று எல்லாம் நம் வீட்டில் கண்டவை. ஊர் திரும்பும் வழியிலேயே இருப்பதால், ஹந்தானைக்குப் பிறகு அங்கே போவதுதான் வசதி, அந்த வரிசைதான் சரியும்கூட.

அங்கே ஒன்று செய்யுங்கள், டீச்சர். விளக்கம் சொல்லும் பொறுப்பை ஒரு அறைக்கு ஒரு பிள்ளை என்று உங்கள் மாணவர்களிடமே கொடுங்கள். இன்றும் லயத்தில் வாழும் பிள்ளைக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால் என்ன என்று எந்தப் பலகையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அவளால் மற்றவர்களுக்குச் சொல்ல முடியும். காமன் கூத்தையும் தப்பு என்னும் பறையையும் நான் பண்பாட்டு நிலையத்துக்குள் தேடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மாசி மாதத்தில் உங்கள் தோட்டத்துப் பொட்டலிலேயே ரதியும் மன்மதனும் ஆடுவார்கள்; அந்த இரவுக்கு மாணவர்களைக் குறிப்பேட்டுடன் அனுப்பினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நானே கேட்டுவிடுகிறேன்: பழைய மஸ்கெலியாவில் கடை வைத்திருந்தவர்கள், கோயிலுக்குத் தேர் இழுத்தவர்கள், அணை கட்டியபோது இடம் மாறிப் போனவர்கள் யாராவது உங்கள் பிள்ளைகளின் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்களா? அன்று சிறுவர்களாக இருந்தவர்களே இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, கோயில் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதி, ஒரு வரைபடமும் போட்டு அனுப்பினால், அடுத்த காணொளி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.